டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

பெரியோருட் சிலர் தாம் நட்ட மரத்தின் நிழலிலே தாமே அமரும் பேறு பெறுகின்றனர். வேறு சிலர் நட்டுவிட்டுச் செல்கின்றனர். நிழலும் கனியும் பின்வருவோர்க்கே உரியவாகின்றன. இவ்விரண்டாம் வகையினருள்ளும் ஓர் அரிய பிரிவினர் உளர். அவர்கள் தாம் நட்டது இன்ன மரமென்று முற்றும் அறியாமலே நடுகின்றனர். காலஞ்சென்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அத்தகையோர். பெண்டிரின் உரிமைக்காக அவர் ஆற்றிய தொண்டு ஒருபுறம். புற்றுநோயை எதிர்த்து அவர் எழுப்பிய நிலையம் மற்றொருபுறம். இவ்விரண்டும் தொடர்பற்ற இருவேறு பணிகள் என்றே உலகம் எண்ணி வந்தது. அவை ஒரே போரின் இரு களங்கள் என்பது, அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே விஞ்ஞானிகளுக்குத் தெளிவாகப் புலனாயிற்று. அவ்வியப்பினையே இக்கட்டுரையில் எம்மாலியன்ற அளவு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

புதுக்கோட்டையிற் பிறந்து சென்னையில் வாழ்ந்த ஓர் அம்மையாரைப் பற்றிக் கரிசற் சீமையிலிருந்து யாம் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். கோவில்பட்டியிலிருந்து எத்திசை நோக்கிச் சென்றாலும் சிற்றூர்களிற் காணப்படுவோர் உழைக்கும் பெண்டிரே. மானாவாரிக் காட்டிற் களை எடுப்போரும், மிளகாய் பறிப்போரும், வெடித்த பருத்தியை மடியிற் சேர்ப்போரும் அவர்களே. தீப்பெட்டித் தொழிற்சாலைகளிற் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் குடும்பத்தைத் தாங்குவோரும் அவர்களே. தம் உடம்பில் ஒரு நோய் தோன்றினால், அதனை வெளியிற் சொல்லாது, உடற்சூடு என்றும் வயதின் கோளாறு என்றும் அடக்கிக்கொண்டு மறுநாளும் வேலைக்குச் செல்வோரும் அவர்களே. இப்பெண்டிரை இன்றும் வருத்தும் கருப்பை வாய்ப்புற்று என்னும் நோயோடு அம்மையாரின் வரலாறு பின்னிக் கிடத்தலின், அவ்வரலாறு எமக்கும் உரியதாகின்றது.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியின் தலைமையாசிரியராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபிலே தோன்றியவர். தந்தையின் கல்வியும் தாயின் குலத்தார் பட்ட இழிவும் ஆகிய இவ்விரண்டும் அச்சிறுமியின் உள்ளத்தில் ஒருங்கே பதிந்தன. பூப்பெய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேறிய முத்துலட்சுமி, ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் வேண்டினார். ஒரு பெண் வந்தால் இளைஞர் ஒழுக்கம் கெடும் என்று எதிர்த்தோர் பலர். அரசராகிய மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவளித்தார். பல நூறு கண்கள் நோக்க, ஒரே பெண்ணாக அக்கல்லூரி வாயிலுள் நுழைந்த அவ்விளநங்கையின் துணிவை இன்று நம் கல்லூரியில் அச்சமின்றி அமர்ந்திருக்கும் மாணவியர் நினைந்து பார்த்தல் தகும்.

1907-ஆம் ஆண்டு அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். உடல்நலம் அவருக்கு எக்காலத்தும் உறுதுணையாக இருந்ததில்லை. எனினும் பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912-இல் மருத்துவப் பட்டம் எய்தினார். சென்னை அரசாங்க மகப்பேற்று மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராக அமர்ந்த முதற்பெண்மணி அவரே. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். மணத்திற்கு முன்னரே ஒரு நிபந்தனை விதித்தார்: தம்மைச் சமமாக நடத்தல் வேண்டும், தம் விருப்பப் பணிகளிற் குறுக்கிடலாகாது. அந்நிபந்தனையை ஏற்ற சுந்தர ரெட்டியாரும் போற்றத்தக்கவரே. ஏனெனில் பின்னாளில் அம்மையார் மருத்துவத் தொழிலின் வருவாயைத் துறந்து பொதுப்பணியிற் புகுந்தபோது இல்லத்தின் சுமையைத் தாங்கியவர் அவர்.

இந்நிலையில் அம்மையாரின் வாழ்வை அறுத்துச் சென்ற துயரம் ஒன்று நேர்ந்தது. அவருடைய அன்புத் தங்கை இளவயதிலே புற்றுநோயால் மாண்டார். தாமே மருத்துவராக இருந்தும், தம் கணவரும் மருத்துவராக இருந்தும், உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லை. நோய் வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. பிறர் இத்தகைய துயரத்திற்கு ஊழ் என்று பெயரிட்டு அமைதி கொள்வர். அம்மையாரோ அதனை ஒரு கடனாக ஏற்றார். 1925-இல் அரசாங்க உதவியுடன் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றபோது, மகளிர் மருத்துவத்தோடு, இலண்டன் மாநகரிற் புற்றுநோய்க்கெனத் தனியே நடந்த மருத்துவமனையையும் நேரிற் கண்டார். இத்தகைய ஒன்று தம் நாட்டில் இல்லையே என்னும் ஏக்கம் அன்று தொடங்கிற்று. அது நிறைவேற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

தாயகம் திரும்பியதும் வேறொரு பணி அவரை அழைத்தது. சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்று, 1927-இல் அச்சபையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் இவ்வாறு சட்டமியற்றும் அவையில் அமர்ந்த பெண்டிருள் அவரே முதல்வர். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தார். 1929-இல் அதற்கு முதற்படியாக ஒரு சட்டம் நிறைவேறியது. முற்றும் ஒழிக்கும் சட்டம் 1947-இல் வந்தது. பெண்களின் மணவயதை உயர்த்துதல் வேண்டும் எனவும், சிறுமியரை விலைப்படுத்தும் வாணிகத்தை அடக்குதல் வேண்டும் எனவும் அவையிலும் வெளியிலும் வாதாடினார். இந்திய அரசாங்கம் 1929-இல் பெண்ணின் மணவயதைப் பதினான்காக வரையறுத்த சாரதா சட்டத்தை நிறைவேற்றியபோது அதற்கு ஆதரவு திரட்டியோருள் அவரும் ஒருவர். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். தேவதாசி மரபினின்று தப்பித் தம் வாயிலை அடைந்த சிறுமியருக்குப் புகலிடம் இல்லாமை கண்டு, தம் இல்லத்தையே திறந்துவிட்டார். அதுவே ஔவை இல்லம் என்னும் நிலையமாக வளர்ந்து இன்றும் அடையாற்றில் நிலவுகின்றது.

இவ்வளவில் மற்றொருவராயின் வாழ்வின் பயனை எய்திவிட்டதாகக் கருதி ஓய்ந்திருப்பர். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. அவ்விழாவிலே அம்மையார் எழுந்து, தென்னாட்டிற் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்னும் தம் விருப்பத்தை வெளியிட்டார். கேட்டோர் மதித்தனர், ஆயின் செயல் ஏதும் விளையவில்லை. புற்றுநோயாளர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்க்கெனப் பொருளைச் செலவிடுவது வீண் என்னும் எண்ணம் கற்றோரிடையும் அதிகாரத்தில் இருந்தோரிடையும் வேரூன்றியிருந்தது. பின்னர் உலகப் போர் வந்தது. நாட்டின் விடுதலையும் வந்தது. அம்மையார் விட்டாரில்லை. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பிற் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பெற்றது. தம் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியை அப்பணிக்கே உரியவராக ஆக்கினார். பெருஞ்செல்வரிடமும் சிறுதொகை ஈவோரிடமும் கையேந்தினார். 1952-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், அடையாற்றில் எளிய குடிலொன்றிற் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அன்று அம்மையாருக்கு அறுபத்தெட்டு வயது நிரம்பச் சில வாரங்களே இருந்தன. மறுஆண்டில் அங்கு வந்து சேர்ந்த இளம் மருத்துவர் சாந்தா அம்மையார், 2021-இல் தாம் மறையுமளவும் அந்நிலையத்தையே தம் உலகாகக் கொண்டு வாழ்ந்தார்.

அந்நிலையத்தின் வாயிலை நாடி வந்த பெண்டிருட் பெரும்பாலோர் கருப்பை வாய்ப்புற்றினால் வருந்தியோர். நோய் முற்றிய பின்னரே வந்தனர். இந்நோய் ஏன் வருகின்றது என்பதை அன்று உலகில் எவரும் அறியார். ஒரு குறிப்பு மட்டும் நெடுங்காலமாக இருந்து வந்தது. 1842-இல் இத்தாலி நாட்டு வெரோனா நகரத்து மருத்துவர் ரிகோனி ஸ்டெர்ன் என்பார், அவ்வூர் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, மணமான பெண்டிரிடையே மிகுந்த கருப்பைப் புற்று கன்னிமாடத்துத் துறவியரிடையே மிக அரிது என்று கண்டார். பின்வந்த மருத்துவர்களும், இளவயதில் மணந்தோர்க்கும் பல மகப்பேறு கண்டோர்க்கும் இந்நோய் மிகுதி என உணர்ந்தனர். கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் உழைத்த பாப்பனிக்கோலோ, கருப்பை வாயினின்று உதிரும் உயிரணுக்களைக் கண்ணாடித் துண்டிற் பூசி நோக்கினால் புற்று உருவாகுமுன்னரே அதன் முன்னிலையைக் காணலாம் என 1940-களில் நிறுவினார். ஆயினும் வித்து யாது என்பது மறைபொருளாகவே நின்றது.

அவ்வித்தினைக் காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹௌசன். 1983-இலும் அதற்கடுத்த ஆண்டிலும் அவரும் அவர் குழுவினரும் புற்றுத் திசுக்களிற் பாப்பிலோமா என்னும் வைரஸின் இரு வகைகளைக் கண்டறிந்தனர். 16, 18 என எண்ணிடப்பட்ட அவ்விரண்டுமே உலகிற் காணும் கருப்பை வாய்ப்புற்றில் நூற்றுக்கு எழுபதளவிற்குக் காரணமாகும். 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வைரஸ் இல்லற உறவின் வழியாகப் பரவுவது. இங்கு ஒன்றை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இது ஒழுக்கக்கேட்டின் அடையாளம் அன்று. இல்லறம் புகுந்த ஆண் பெண் இருபாலாருட் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் இது தொட்டுச் செல்கின்றது; ஒருவனையே மணந்து வாழ்ந்த கற்புடையாட்டியையும் தொடும். பெரும்பாலோர் உடம்பு இரண்டொரு ஆண்டில் அதனைத் தானே வெளியேற்றிவிடும். சிலரிடம் மட்டுமே அது தங்குகின்றது. தங்கியவருள்ளும் புற்றாக முதிரப் பத்து, இருபது ஆண்டுகள் செல்லும்.

அவ்வாண்டுகளில் நிகழ்வது யாது? வைரஸின் உடைமை டி.என்.ஏ. என்னும் சிறு வளையம். ஏறத்தாழ 8,000 எழுத்துக்களால் ஆயது. மனிதனின் மரபேடோ ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களை உடையது. பெரியதோர் நூல்நிலையத்தில் எவரோ விட்டுச் சென்ற துண்டுச் சீட்டு எவ்வளவோ அவ்வளவே அவ்வளையம். அதிலுள்ள ஈ-6, ஈ-7 என்னும் இரண்டு மரபுக்கூறுகள் தீயவை. உயிரணு அளவின்றிப் பெருகாதபடி நம் உடம்பு வைத்துள்ள காவலர் இருவரை அவை செயலற்றவராக்குகின்றன. ஈ-2 என்னும் மற்றொரு கூறு அவ்விரண்டையும் கடிவாளம்போல் அடக்கி வைக்கின்றது. வளையம் முழுமையாக உள்ளவரை தீமை பெரும்பாலும் வரம்புக்குட்பட்டு நிற்கும். சிலபோது அவ்வளையம் உடைந்து, மனிதனின் மரபேட்டினுள்ளேயே புகுந்து ஒட்டிக்கொள்கின்றது. உடைப்பு பல சமயம் ஈ-2 கிடக்கும் இடத்திலேயே நேர்கின்றது. கடிவாளம் அறுந்த குதிரைகள்போல் ஈ-6, ஈ-7 இரண்டும் அப்பால் ஓடுகின்றன. 18-ஆம் வகை பெரும்பாலும் இவ்வழியே செல்லும். 16-ஆம் வகையோ சிலரிடம் வளையமாகவே நின்றும் புற்றினை விளைவிக்கும். ஆதலின் உடைப்பு ஒன்றே கதை முழுவதும் அன்று.

மற்றொரு மாற்றமும் உண்டு. டி.என்.ஏ. எழுத்துக்கள் மாறாமலே, அவற்றுட் சிலவற்றின்மேல் மீதைல் என்னும் நுண்ணிய வேதியற் பொருள் வந்து ஒட்டிக்கொள்கின்றது. தமிழ் மாணவர் இதனை எளிதில் உணர்வர். ககரத்தின்மேல் ஒரு புள்ளி வைத்தால் எழுத்தின் வடிவம் மாறுவதில்லை. ஆயின் உள்ளிருந்த உயிரோசை அடங்கிவிடுகின்றது. அத்தகைய புள்ளிகளே இவை. வைரஸின் மேலுறையைச் செய்யும் எல்-1, எல்-2 என்னும் கூறுகளில் இப்புள்ளிகள் முதற்படி மாற்றத்திற் சிலவாகவும், முற்றிய முன்னிலையிற் பலவாகவும் காணப்படுகின்றன. முதற்படி மாற்றம் பெரும்பாலும் தானே மறையும். மூன்றாம்படியோ சிகிச்சையின்றி விடப்பட்டால் முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கு முப்பதளவிற் புற்றாகும். வைரஸ் உள்ளோர் பலருள் உண்மையில் ஆபத்துக்கு உள்ளானவர் யார் என்பதை இப்புள்ளிகளை எண்ணிக் கூற இயலுமா என விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். இயலுமாயின் தேவையற்ற சிகிச்சையினின்று பலர் காக்கப்படுவர்; தேவையுடையோர் காலத்தே கண்டறியப்படுவர்.

எம் கரிசற் காட்டு உழவர் இதனை வேறு வகையில் அறிவர். பருத்திக் காய் வெளியே பசுமையாகவும் வழவழப்பாகவும் தோன்றும். இளங்காயிலேயே புகுந்த புழு உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கும். காய் வெடிக்கும் நாளில்தான் பஞ்சு பாழ்பட்டது தெரியும். அந்நாளிற் கையைப் பிசைந்து பயனில்லை. காய் இளசாக இருக்கும்போதே பறித்துப் பிளந்து பார்க்கும் உழவனே பிழைக்கின்றான். கருப்பை வாய்ப்புற்றும் அத்தகையதே. முன்னிலையில் வலி இல்லை. புறத்தே அடையாளம் இல்லை. ஆகவே நோய் இல்லை என்று எண்ணும் காலமே நோக்க வேண்டிய காலமாகும்.

இனி அம்மையாரின் வாழ்வைத் திரும்பி நோக்குவோம். சிறுமியரைப் பொட்டுக் கட்டலாகாது என்று அவர் போரிட்டார். பால்ய மணம் கூடாது என்று போரிட்டார். சிறுமியரை விற்கலாகாது என்று போரிட்டார். பெண்கள் கற்றல் வேண்டும் என்று வாழ்ந்து காட்டினார். நீதியின் பொருட்டே அவர் இவற்றைச் செய்தார். ஆயின் முதிராத இளவுடம்பை இவ்வைரஸிற்கு ஆட்படுத்திய வழக்கங்களே இவை என்பதையும், அவற்றை ஒழிப்பது எதிர்காலப் புற்றினைக் குறைப்பதாகும் என்பதையும் இன்று நாம் அறிகின்றோம். அவர் நிறுவிய நிலையத்தார் 1981 முதற் சென்னை நகரின் புற்றுநோய்க் கணக்கைப் பேணி வருகின்றனர். தொடக்கத்திற் பெண்டிரிடையே முதலிடம் பெற்றிருந்த கருப்பை வாய்ப்புற்று, பின்வந்த ஆண்டுகளிற் படிப்படியாகக் குறைந்தமை அக்கணக்கிற் காண்கின்றது. மணவயது உயர்ந்ததும், மகப்பேறு குறைந்ததும், கல்வியும் தூய்மையும் வளர்ந்ததும் அதற்குரிய காரணங்களுள் அடங்கும். மருந்தேதும் இன்றி ஒரு நோய் தளர்ந்த வியப்பு இது! ஒரு கையாற் சட்டம் இயற்றிய அம்மையார், மறுகையால் அச்சட்டத்தின் பயனை அளக்கும் கோலையும் நிறுவிச் சென்றார்.

ஆயினும் சிற்றூர்களிற் போர் முடிந்தபாடில்லை. அங்கே செய்யத்தக்கது யாது என்பதையும் நம் நாட்டவரே காட்டியுள்ளனர். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கைக் கிறிஸ்தவ மருத்துவ நிலையமும் பிறரும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு பெருஞ்சோதனையைத் தொடங்கினர். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையுள்ள கிராமத்துப் பெண்டிரைப் பயிற்சி பெற்ற செவிலியரே நோக்கினர். காடியின் சத்தாகிய அசிட்டிக் அமிலத்தை நீர்கலந்து கருப்பை வாயில் தடவினால், முன்னிலைப் புண் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். கண்டவுடன் குளிர்ச் சிகிச்சையால் அகற்றிவிடலாம். ஒரே முறை செய்த இச்சோதனையாற் புற்றுநோய் கால்பங்கும், அதனால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவும் குறைந்தமை 2007-இல் வெளியிடப்பட்டது. எம்மைப்போன்றே கரிசல் பூமியாகிய மகாராஷ்டிரத்து உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,000-க்கு மேற்பட்ட பெண்டிரிடையே நடந்த மற்றொரு சோதனை, வைரஸின் டி.என்.ஏ.யை ஒரே முறை தேடிப் பார்த்தலாலேயே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என 2009-இற் காட்டிற்று. இவற்றோடு, ஒன்பது முதல் பதினான்கு வயதுச் சிறுமியருக்கு இடத்தக்க தடுப்பூசியும் வந்துவிட்டது. பெண்மக்களுக்கு ஊசி, நடுவயதில் சோதனை, கண்ட புண்ணுக்கு உடனே சிகிச்சை என்னும் இம்மூன்றும் கைகூடுமாயின், இந்நோயை உலகினின்றே அகற்றலாம் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் குறிக்கோள் வகுத்துள்ளது.

அம்மையார் 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1956-இல் பத்மபூஷண் விருது அவரை அடைந்திருந்தது. வைரஸின் வளையத்தை அவர் கண்டதில்லை. அதன்மேல் இட்ட புள்ளிகளைப் பற்றிக் கேட்டதும் இல்லை. தங்கையை இழந்த ஒரு தமக்கையின் கண்ணீர் மட்டுமே அவரிடம் இருந்தது. அதனைக் கொண்டே அத்தனையும் செய்தார்.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு நீவிர் ஊர் திரும்புங்கால், உம் இல்லத்திலும் ஓர் அன்னையோ அத்தையோ தம் நோவை மறைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கக் கூடும். ஆடவர் இதனைப் பேச நாணுவர். பெண்டிர் அதனினும் நாணுவர். அந்நாணம் எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதை எண்ணுமின். முப்பது வயது கடந்த பெண்மணி ஒருவரேனும் உம் சொல்லால் அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்குச் சென்று தம்மைச் சோதித்துக்கொள்வாராயின், அம்மையார்க்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீர்ந்ததாகும். கரிசல் நிலம் மேலே வெடித்துக் கிடப்பினும் அடியில் ஈரம் காப்பது. ஐப்பசி மழை விழுந்தவுடன் விதைத்ததைத் தருவது. இந்நல்ல செய்தியையும் அம்மண்ணில் விதைப்போமாக.